வாய்ப்பதர்

ஆறு மேற்கே ரெண்டாகப் பிரிந்து, எங்களைச் சுற்றிக்கொண்டு ஓடி, கிழக்கே போய் மறுபடியும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். நடுவில் மாட்டிக்கொண்டதால் எங்கள் ஊருக்குப் பேரே நடுத்திட்டு. கோடையில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்தே அக்கரைக்குப் போய்விடலாம், ஐப்பசியில் தண்ணீர் வந்துவிட்டால் கலியபெருமாள் மாமாவின் படகுதான், படகும் போக முடியாத தண்ணீர் வந்துவிட்டால் அவரவர் வீட்டு அரிசிப்பானையும் அவரவர் தலையெழுத்தும்தான். அந்த ஊரில், ஒரு தை மாதத்துக் காலையில், கரை மணலில் நின்று பேசிக்கொண்டிருந்த எம்.எல்.ஏ.வின் வாயிலிருந்து பதர் கொட்டியது.

அன்றைக்கு அவரிடம் கேட்டவள் தையல்நாயகி. எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு, வைத்தியின் பெண்சாதி, என்னைவிட ஒரு வயசு சின்னவள். முந்தின ஐப்பசியில் அவளுக்கு வலி எடுத்தபோது படகு நடுச்சுழலில் சுற்றிச் சுற்றி வந்து, அக்கரையில் ஆம்புலன்ஸ் விளக்கு சுழன்றுகொண்டே நிற்க, பிள்ளை ஆற்றிலேயே பிறந்து ஆற்றிலேயே போய்விட்டது. அதனால் அவள் மாலையும் சால்வையுமாக நின்ற கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய்க் கேட்டாள்.

"ஐயா, லாரி போற பாலம்லாம் எங்களுக்கு வேணாங்க. ஒரு கட்டிலைத் தூக்கிக்கிட்டு நாலு பேரு நடந்து போற அகலத்துக்கு ஒரு பாலம். அடுத்த மழைக்குள்ள வேணும்."

எம்.எல்.ஏ. தலையை ஆட்டி, நெஞ்சில் கை வைத்து, "கண்டிப்பா ட்ரை பண்றேம்மா" என்றார். சொன்ன வாய் மூடுவதற்குள் அதிலிருந்து நெல்லாகக் கொட்டி, வெள்ளைச் சட்டையில் சரிந்து, அவர் கால்மாட்டில் ஒரு படி அளவுக்குக் குவிந்தது. அவர் வெற்றிலை எச்சிலைத் துடைக்கிற மாதிரி உதட்டைத் துடைத்துக்கொண்டார், கூட வந்த பையன் துண்டை நீட்டினான், "சார், இன்னும் ரெண்டு ஊர் பாக்கி இருக்கு" என்றான், அவர்கள் போய்விட்டார்கள்.

எங்கள் பெண்களுக்கு நெல்லைக் கண்டால் கை சும்மா இருக்காது. பட்டம்மா அக்கா ஒன்றை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்த்தாள். ஊரில் அவளை மாதிரி முறம் பிடிக்க ஆள் கிடையாது, அவளை மாதிரி வாயும் கிடையாது.

"பாக்கறதுக்கு சம்பா மாதிரிதான் இருக்கு. உள்ள ஒண்ணுமில்லடி. பதரு."

"கருக்காகூட இல்லையாக்கா?"

"கருக்கான்னாலும் உள்ள அரை மணி இருக்கும், கோழிக்குப் போடலாம். இது அக்மார்க் பதரு."

அன்றைக்கு யாரும் அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரிய மனுஷர்கள் வாயில் என்னவோ வரும், நமக்கென்ன என்று கும்பிட வந்த கையோடு வீட்டுக்குப் போய் உலை வைத்தோம். அப்புறம் தாசில்தார் வந்தபோது தெருவிளக்கு கேட்டோம், அவர் ட்ரை பண்றேன் என்றார், கொட்டியது. நர்சம்மாவிடம் வாரம் ஒரு தடவையாவது வரச் சொன்னோம், கொட்டியது. கரண்ட்டுக்காரர், பேங்க்காரர், பள்ளிக்கூடத்துக்கு ரெண்டாவது வாத்தியார் போடுவதாகச் சொன்ன அதிகாரி என்று அந்த வார்த்தையைச் சொன்ன எல்லார் வாயிலும் அவரவர் பதவிக்குத் தகுந்தாற்போல் படி, மரக்கால், கூடை என்று கொட்டியது. தமிழில் முயற்சி செய்கிறேன் என்றால் ஒன்றும் விழவில்லை. "தமிழ்ல சொன்னா நம்மளே நம்ப மாட்டோம், அப்புறம் எங்கேர்ந்து விழும்" என்றாள் பட்டம்மா அக்கா.

அது அதிகாரிகளோடு நிற்கவில்லை. குடியை விட ட்ரை பண்றேன் என்று புருஷன்கள் சொல்லச் சொல்ல அடுப்புக்கு எரிக்கக் கிடைத்தது. திருப்பூரில் வேலை பார்க்கிற மகன்கள் சித்திரைத் திருவிழாவுக்கு வர ட்ரை பண்றேன் என்று போனில் சொன்னால் இங்கே அம்மாக்காரி காதிலிருந்து ரெண்டு மூன்று உதிர்ந்தது. பிள்ளைகள் வீட்டுப்பாடத்துக்குச் சொல்லிச் சொல்லி வகுப்பைப் பெருக்கி மாளவில்லை. ஒரே ஒரு தடவை, மணலில் சைக்கிள் பழகிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண் விழுந்து முட்டி பெயர்ந்து எழுந்து, இன்னொரு வாட்டி ட்ரை பண்றேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டபோது அவள் வாயிலிருந்து ஒரு பிடி முற்றின நெல் விழுந்ததாம். யாரும் கவனிப்பதற்குள் கோழி பொறுக்கிவிட்டது.

எதற்கும் ஒரு உபயோகம் கண்டுபிடிக்காமல் நாங்கள் விடுகிறதில்லை. பதரைத் தலையணையில் அடைத்தோம், சுவர் பூச மண்ணில் குழைத்தோம், முட்டை உடையாமல் இருக்கப் பானையில் போட்டோம், நெல் அவிக்க எரித்தோம். அக்கரையில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறவர் தரையில் பரப்ப விலைக்குக் கேட்டு ஆள் அனுப்பினார். அது போதும், ஊரில் சண்டை வந்துவிட்டது.

களத்தில் நெல்லைத் தூற்றி முடித்தால் காற்றில் ஒதுங்கி விழுகிற பதர் தூற்றினவளுக்குத்தான் சொந்தம், நிலத்துக்காரன் கேட்க முடியாது. எங்கள் பக்கத்தில் அது காலகாலமாக இருக்கிற வழக்கம். அந்தக் கணக்கில் வாயிலிருந்து விழுந்ததை முதலில் முறத்தில் வாரினவளுக்கே அது சேரும் என்று பட்டம்மா அக்கா நின்றாள். கேட்டவள் கால் கடுக்க நிற்கிறாள், வாரினவள் வந்து அள்ளிக்கொண்டு போவதா என்று மற்றவர்கள் நின்றார்கள். கலியபெருமாள் மாமா ஊருக்குப் பெரியதனம், படகும் அவருடையது. அவர் எல்லாரையும் உட்கார வைத்துத் தீர்ப்புச் சொன்னார்.

"தூத்துறது ஒரு வேலைன்னா கேக்கறதும் ஒரு வேலைதான். யாரு கேக்கறாங்களோ பதரு அவங்களுக்கு."

"அப்ப எம்.எல்.ஏ. கொட்டினது தையலுக்குத்தானே, மாமா?"

"ஆமா. எடுத்துக்கம்மா தையல்."

தையல்நாயகி எழுந்து, "எனக்குப் பாலம் வேணும் மாமா. பதரு வேணாம்" என்றாள்.

"பைத்தியக்காரி, வர்றதை வேணாங்கிறா பாரு" என்று சிரித்தார்கள். அவள் விட்டது கரையிலேயே கிடந்தது, ஊர்ப் பொதுவாகிவிட்டது, அதன்மேல் மற்றதும் சேர்ந்தது.

தீர்ப்பு வந்த பிறகுதான் எங்கள் ஊர் கேட்கப் பழகியது. அதுவரை தேவைக்குக் கேட்டோம், அதற்குப் பிறகு விளைச்சலுக்குக் கேட்டோம். வேண்டும் என்று கேட்டால் ஒருவேளை கொடுத்துத் தொலைத்துவிடுவார்களோ என்று பயந்து, கிடைக்கவே கிடைக்காததாகப் பார்த்துக் கேட்டோம்: திட்டுக்கு ரயில் கேட்டோம், காலேஜ் கேட்டோம், கப்பல் கேட்டோம், கலியபெருமாள் மாமா செத்துப்போன தன் காளைக்கு ஓய்வூதியம் கேட்டார். அதிகாரிகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை, ட்ரை பண்றேன் என்று சொன்னால் ஜனங்கள் சந்தோஷமாகக் கலைந்து போகிற ஒரே ஊர் இதுதான் என்று தெரிந்துகொண்டு அடிக்கடி வந்தார்கள், வந்து கரையில் இறங்கி நின்ற இடத்திலேயே கொட்டினார்கள். அக்கரையைப் பார்த்த எங்கள் இறங்குதுறையில் பதர் ஒரு வீடு உயரத்துக்குக் குன்றாக எழும்பியது.

நடுவில் டவுன் காலேஜிலிருந்து இங்கிலீஷ் பேராசிரியர் ஒருத்தர் தோளில் பையை மாட்டிக்கொண்டு வந்தார். குன்றைச் சுற்றி நடந்து பார்த்தார், முகமெல்லாம் சந்தோஷம்.

"ட்ரைங்கிற இந்த வார்த்தை பொறந்ததே சல்லடையிலதாம்மா" என்றார். "பழைய பிரெஞ்சுக்காரங்க, பதரு வேற மணி வேறயாச் சலிச்சுப் பிரிக்கிறதுக்குத்தான் இதை வச்சிருந்தாங்க. அது அங்கேர்ந்து இங்கிலீஷுக்கு வந்தப்ப கோர்ட்டுக்குள்ள போச்சு, பொய்யையும் நிசத்தையும் பிரிக்கிறதுக்கு. இன்னைக்கும் கேஸ் நடத்தறதை ட்ரையல்னுதானே சொல்றோம்? அப்புறம் சோதிச்சுப் பாக்கறதுக்கு, துணிக்கடையில சட்டையைப் போட்டுப் பாக்கறோமே, அப்படி. ஒருத்தர் பொறுமையைச் சோதிச்சுப் பாடாப் படுத்தறதுக்கும் அதேதான். செய்யப் பாக்கறேங்கிற அர்த்தம் ரொம்பப் பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டது."

"சலிச்சா பதரு ஒரு பக்கம் மணி ஒரு பக்கம் விழணும்ல சார்?" என்று பட்டம்மா அக்கா கேட்டாள். "பதரு எங்க வாசல்ல கெடக்கு. மணி யாரு வீட்டுக்குப் போச்சு?"

பேராசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார், அருமை அருமை என்றார், அந்தக் கேள்வியை எழுதிக்கொண்டார். அக்கா விடவில்லை, தன் மகளுக்கு அவர் காலேஜில் ஒரு சீட் கேட்டாள். அவர் பழக்க தோஷத்தில் ட்ரை பண்றேம்மா என்று சொல்லி, மூக்குக்கண்ணாடி, பை எல்லாம் பதர் படிந்து, அதில் கொஞ்சத்தை ஆராய்ச்சிக்கென்று உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். மிச்சத்தை அக்கா கூடையில் அள்ளிக்கொண்டு போனாள்.

இதற்குள் தையல்நாயகிக்கு மறுபடியும் நாள் தள்ளிப்போயிருந்தது. கணக்குப் பார்த்தால் பிரசவம் சரியாக ஐப்பசியில் விழுந்தது. அவள் அம்மா போன வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டாள், பிரசவத்துக்குப் போக அக்கரையில் அவளுக்கு ஒரு வாசல் கிடையாது. வைத்தி டவுனில் வீடு பார்க்கப் போய், சின்னம்மா வீட்டில் கேட்டான், பெரியம்மா வீட்டில் கேட்டான், ரெண்டு வீட்டிலும் ட்ரை பண்றோம் என்றார்கள், சட்டைப்பை நிறையப் பதரோடு திரும்பி வந்தான். அவளுக்கு இருந்தது அந்தப் பாலம் ஒன்றுதான். ஊர் முழுக்க கப்பல் கேட்டபோதும் அவள் வருகிறவர்களிடமெல்லாம் விடாமல் பாலத்தையே கேட்டாள், விழுந்ததைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

வைகாசியில் ஒரு நாள் அருள்தாஸ் என்கிற சின்ன வயசு இன்ஜினீயர் டேப்பும் முளைக்குச்சிகளும் எடுத்துக்கொண்டு வந்தான். யார் எந்த மனுவை எங்கே பார்த்தார்களோ, இரும்பில் ஒரு நடைபாலம் போட உத்தரவாகியிருந்தது. வழக்கம்போல ஊர் முறங்களோடு கூடியது. தையல்தான் கேட்டாள்.

"தம்பி, மழைக்குள்ள முடிஞ்சிடுமா?"

"முடிஞ்சிடும்க்கா. ஆவணி கடைசிக்குள்ள நடந்து போகலாம்."

எல்லாரும் அவன் வாயையே பார்த்தோம். ஒன்றும் விழவில்லை. அவன் எச்சில் விழுங்கினான், அதோடு சரி.

"என்னடா இது, காஞ்ச வாயா இருக்கு" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

கலியபெருமாள் மாமா முன்னால் வந்தார். "தம்பி, ட்ரை பண்றேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"எதுக்கு சார்? உத்தரவு வந்தாச்சு, கம்பி வந்தாச்சு. நீங்க பண்ண வேண்டியது ஒண்ணுதான். பாலம் வந்து இறங்கறது இந்த இடத்துலதான், வேற எங்கயும் தரை கெட்டியா இல்ல. இந்தக் குப்பைமேட்டை ஆடிக்குள்ள எடுத்துடுங்க."

குப்பைமேடு என்று அவன் சொன்னது எங்களுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அவன் படகேறின பிறகு கரையிலேயே பேச்சு நடந்தது. கோழிப்பண்ணைக்காரர் மழைக்கு அப்புறம்தான் மொத்தமாக எடுப்பார், அதுவரை இத்தனையையும் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்றார்கள். சொன்ன வார்த்தைக்கு ஒரு பதர்கூட விழாதவனை எப்படி நம்புவது என்றார்கள். கடைசியில் எல்லார் மனசிலும் இருந்ததைப் பட்டம்மா அக்காதான் வாய்விட்டுச் சொன்னாள்.

"ஏன்யா, பாலமே வந்துட்டா அப்புறம் எவன் இங்க வந்து பாலம் தர்றேன்னு சொல்லப்போறான்?"

தையல் அக்காவைப் பார்த்தாள். வீட்டுக்குப் போய்க் கூடையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

அன்றிலிருந்து அவளும் வைத்தியும் விடிந்தால் குன்றை அள்ளினார்கள். அவள் வயிற்றைத் தூக்கிக்கொண்டு குனிந்து அள்ளுவாள், அவன் கொண்டுபோய்த் திட்டின் மறுகோடியில் கொட்டுவான், ஆடிக்காற்று அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து பழைய இடத்தில் போடும், பத்தாததற்கு நடுவில் யாராவது அதிகாரி வந்து இறங்கினால் அள்ளினதைப்போல ரெண்டு மடங்கு கொட்டிவிட்டுப் போவார். நான் என் பிள்ளையைத் தூளியில் போட்டுவிட்டுச் சில நாள் போய் அள்ளினேன். பொதுச் சொத்தில் கை வைக்கிறார்கள் என்று ஊரில் பேச்சு வந்தது, என் வீட்டுக்காரர் வேண்டாம் என்றார்.

ஆடி முடிகிற சமயத்தில் அருள்தாஸ் திரும்பி வந்தான். அக்கரையில் லாரியில் கம்பிகள் நின்றன.

"எடுக்கலையா இன்னும்?"

"ட்ரை பண்றோம் தம்பி" என்றார் கலியபெருமாள் மாமா, அவர் வாயிலிருந்து கொட்டியது. "ஆமா தம்பி, ட்ரை பண்றோம்" என்றார்கள் பக்கத்தில் நின்றவர்கள், கொட்டியது. பெண்கள் சொன்னார்கள், பிள்ளைகள் சொன்னார்கள், பார்த்துக்கொண்டு இருக்கும்போதே குன்று இன்னும் ஒரு ஆள் உயரம் ஏறியது. அருள்தாஸின் முழங்கால்வரை மூடிவிட்டது. அவன் காலை உருவிக்கொண்டான், தையல்நாயகியின் வயிற்றை ஒரு தடவை பார்த்தான், டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். அந்தக் கம்பிகள் கீழண்டைத் திட்டுக்குப் போயின. அது வேற ஊர், எங்களுக்கும் அதற்கும் நடுவிலும் இதே ஆறுதான். ஆவணி கடைசியில் அவர்கள் பாலத்துக்கு நீலப் பெயின்ட் அடிக்கிறது இங்கிருந்தே தெரிந்தது.

ஐப்பசியில் அணையைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் மரங்களோடும் ஆகாயத்தாமரையோடும் வந்தது, படகு கட்டியிருந்த முளையைத் தொட்டது, தாண்டியது, தெருவுக்குள் வந்தது. காலையில் நான் என் பிள்ளைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் தையலின் முனகல் கேட்டது. வைத்தி முழங்கால் தண்ணீரில் வீடு வீடாக ஓடினான்.

"மாமா, படகை எறக்குங்க மாமா. அக்கரையில வண்டி வந்து நிக்குது மாமா."

"தண்ணியைப் பாருடா வைத்தி. எப்படிடா எறக்குறது?"

"நான் துடுப்புப் போடுறேன். கூட ரெண்டு பேரு வந்தாப் போதும்."

"சரி, சரி. ட்ரை பண்ணுவோம்டா" என்றார் மாமா. அவர் வாயிலிருந்து விழுந்தது தண்ணீரில் மிதந்து போனது. வைத்தி அதைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடினான். அங்கேயும் சொன்னார்கள், அதற்கடுத்த வீட்டிலும் சொன்னார்கள், அவன் ஓடின தெரு முழுக்கப் பதர் மிதந்து அவனுக்கு முன்னால் போனது.

ஊரிலேயே நனையாத இடம் குன்றின் உச்சி ஒன்றுதான். நாலைந்து பெண்கள் சேர்ந்து அவளைக் கட்டிலோடு தூக்கி அதன்மேல் ஏற்றினோம், கால் புதையப் புதைய ஏறினோம், மேலே தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டோம். பட்டம்மா அக்காதான் பிரசவம் பார்த்தாள், அவளுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் செய்தாள். அங்கிருந்து பார்த்தால் ஆம்புலன்ஸ் டிரைவரின் முகம்கூடத் தெரிந்தது, அவன் கையை ஆட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். உச்சிவேளைக்குப் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. அக்கா தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள், வாயில் ஊதினாள், மறுபடியும் தட்டினாள். பிள்ளை அழவில்லை.

வெள்ளம் வடிய ஆரம்பித்ததும் மந்திரியே நேரில் வந்தார், எம்.எல்.ஏ.வும் கூட வந்தார். மோட்டார் வைத்த படகு, ஆரஞ்சு நிறத்தில் காற்றடைத்த சட்டைகள். அக்கரையில் அவர்கள் உட்காருவதைப் பார்த்தோம், இக்கரையில் அவர்கள் இறங்குவதைப் பார்த்தோம், அவ்வளவு வேகம், நடுவில் ஒன்றுமே இல்லை. மந்திரி எங்கள் ஊருக்கு வருவது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வீடு முறம், கூடை, தார்ப்பாய் எல்லாம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள், பெரிய சாக்குகளை ரெண்டு ரெண்டு பேராக வாய் விரித்துப் பிடித்துக்கொண்டார்கள். குன்றில் பாதி வெள்ளத்தோடு போய்விட்டிருந்தது, அது இன்றைக்குத் திரும்பக் கிடைத்துவிடும் என்று எல்லார் கண்ணிலும் இருந்தது.

தையல்நாயகியை அழைத்துவந்து முன்னால் நிறுத்தினார்கள். பிள்ளை இல்லாததால் பால் கட்டிக்கொண்டு ரவிக்கை நனைந்திருந்தது, மந்திரி அதைப் பார்த்துவிட்டுப் பார்வையை அவள் தலைக்குமேல் வைத்துக்கொண்டார்.

"நடந்ததைக் கேள்விப்பட்டேம்மா. மனசு ஆறலை. உனக்கு என்ன வேணுமோ கூச்சப்படாம எங்கிட்ட கேளு."

"கேளு தையல்" என்று பின்னாலிருந்து தள்ளினார்கள். "பாலம் கேளுடி, பெரிய பாலமாக் கேளு." "ஆஸ்பத்திரி கேளு, ஆஸ்பத்திரின்னா நெறைய விழும்." "மந்திரி வாய்டி, ஒரு போகம் மொத்தமா இறங்கும்." கலியபெருமாள் மாமா குனிந்து சாக்கை மந்திரியின் காலருகே இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

தையல் திரும்பி எங்களைப் பார்த்தாள். விரித்துப் பிடித்த சாக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வைத்தி சாக்கில்லாமல் தள்ளி நின்றான்.

"ஒண்ணும் வேணாங்கய்யா" என்றாள்.

"சும்மா கேளும்மா."

"எதுவும் வேணாம்."

கேட்காதவளிடம் சொல்வதற்கு மந்திரியிடம் வார்த்தை இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், "நல்ல பொண்ணு" என்று எம்.எல்.ஏ.விடம் சொன்னார், படகில் ஏறினார், மோட்டார் சத்தம் ஆற்றைத் தாண்டி அக்கரையில் போய் நின்றது.

ஒரு பதர் விழவில்லை.

அதற்குப் பிறகு நடுத்திட்டில் தையல்நாயகியோடு யாரும் பேசுகிறதில்லை. தேடி வந்த மந்திரியை வெறும் வாயோடு அனுப்பிவிட்டாளாம்.